நார்வேயா, பிரான்ஸா, கொரியாவா, பிரேசிலா: நம் மாணவியர் ஹேண்ட்பால் அணிக்கு எந்தத் தேசிய அணி முன்மாதிரி?

ஒவ்வோர் ஆண்டும் சித்திரைத் திருவிழா முடிந்து, பள்ளி திறக்கச் சில வாரங்களே இருக்கும் நேரத்தில், மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். வரும் கல்வியாண்டில் மாணவியரைச் சேர்த்து ஹேண்ட்பால் அணி ஒன்றை அமைக்க வேண்டும். கைப்பேசியைத் திறந்தால் நார்வே ஆட்டமும் கிடைக்கிறது, பிரான்ஸ் ஆட்டமும் கிடைக்கிறது, கொரியா ஆட்டமும் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு எதைப் போட்டுக் காட்டுவது, எந்த நாட்டுப் பெண்கள் அணியைப் பார்த்து நம் அணியைக் கட்டுவது? சென்ற மாதம் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவரும் இதையே கேட்டார். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. ஆகவே மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நம் நாளிதழ்களில் கைப்பந்து என்றால் வாலிபால், எறிபந்து என்றால் த்ரோபால் என்று ஆகிவிட்டதால், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் இந்த ஆட்டத்தைக் குழப்பம் வேண்டாமென்று ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். மைதானத்தில் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதலில் அளவுகோல்கள்

உலகப் போட்டிக்குப் போகும் ஒரு தேசிய அணி முதலில் 35 பேர் கொண்ட உத்தேசப் பட்டியலைக் கொடுக்கிறது. ஆட்ட நாளில் அதிலிருந்து 16 பேர் மட்டுமே களமிறங்கத் தகுதி பெறுகிறார்கள். ஒலிம்பிக்கில் அது 14 ஆகச் சுருங்கிவிடுகிறது. களத்தில் ஒரு நேரத்தில் நிற்பவர்கள் கோல் கீப்பரையும் சேர்த்து ஏழு பேர்தான். அந்த ஏழு பேருக்கு வெளியே பெஞ்சில் யாரை வைத்திருக்கிறார்கள், எத்தனை கோல் கீப்பர், எத்தனை பிவோட் (எதிரணித் தடுப்பாளர்களுக்கு நடுவே நின்று ஆடுபவர்), இடதுகைக்காரர் எத்தனை பேர் என்று பார்த்தால், அந்த நாட்டுப் பயிற்சியாளர் எதை நம்புகிறார் என்பது தெரிந்துவிடும். ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன் ஆள் பட்டியலைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

நமக்கு உதவும் அளவுகோல்கள் ஐந்து. உங்களிடம் தொடர்ந்து வரக்கூடிய மாணவியர் எத்தனை பேர் என்பது முதலாவது. அவர்களின் உயரமும் உடல்வாகும், அவர்கள் வேறு எந்த விளையாட்டிலிருந்து வருகிறார்கள் என்பதும் இரண்டாவது. கோல் கீப்பராக நிற்க விருப்பமுள்ள பிள்ளை இருக்கிறாளா என்பது மூன்றாவது. அதே பிள்ளைகள் எத்தனை ஆண்டு உங்களிடம் இருப்பார்கள் என்பது நான்காவது; பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பொதுத்தேர்வு ஆண்டுகள் என்பதை இதில் மறக்கக் கூடாது. மைதானமும் வெயிலும் ஐந்தாவது. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட மரத்தளத்தில், கூரைக்குக் கீழே ஆடப்படும் ஆட்டத்தை நாம் செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுகிறோம் என்பது சிறிய வேறுபாடு அல்ல.

| அணி | எதற்காகப் பார்க்க வேண்டும் | எது கையில் இருந்தால் பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| நார்வே | கோல் கீப்பர், வேகமான எதிர்த்தாக்குதல் | நல்ல கீப்பர், மூன்று ஆண்டு அவகாசம் | முழங்கால், நீண்ட பெஞ்ச் |
| பிரான்ஸ் | தடுப்பாட்டம் | கபடி வழி வந்த வலுவான பிள்ளைகள் | இரண்டு நிமிட வெளியேற்றங்கள் |
| தென் கொரியா | கால் வேகம், குறைந்த ஆள் | உயரம் குறைந்த, சுறுசுறுப்பான சிறிய அணி | களைப்பு, வெயில் |
| பிரேசில் | ஒன்றாக வாழ்ந்து பழகிய கூட்டாட்டம் | விடுதியுள்ள கல்லூரி | அந்தக் கூட்டம் கலைந்தபின் வரும் வெற்றிடம் |

டென்மார்க் ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். 1996, 2000, 2004 என அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற அணி அது. ஆனால் நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியதெல்லாம் ஏறக்குறைய நார்வே அணியிலும் இருப்பதால் தனியாக எழுதவில்லை.

நார்வே

2008, 2012, 2024 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். 1999, 2011, 2015, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம். இந்தப் பட்டியலைப் பார்த்து மயங்குவது எளிது. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று: 1994 முதல் 2009 வரை மாரித் பிரெய்விக், அதன் பிறகு 2024 இறுதி வரை தோரிர் ஹெர்கெய்ர்சன் என, முப்பது ஆண்டுகளில் அந்த அணிக்குப் பயிற்சியாளர்கள் இரண்டே பேர். மாறுதல் கலந்தாய்வு வந்தால் ஆசிரியர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் நம் பள்ளிகளில், நார்வே முறையைத் தொடங்குவதற்கு முன் உங்களுக்கு அடுத்து வருபவர் அதைத் தொடர்வாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நார்வே ஆட்டத்தின் அடித்தளம் கோல் கீப்பர். 1980-இல் பிறந்த கத்ரினே லுண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அவருக்கு 44 வயது. நார்வேயின் மூன்று ஒலிம்பிக் தங்கத்திலும் அவர் பங்கு இருக்கிறது. 2021 உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் முதல் பாதியில் 16–12 என முன்னிலையில் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு நார்வே விட்டது ஆறு கோல் மட்டுமே, ஆட்டம் 29–22 என முடிந்தது. அந்தப் பாதியை மட்டும் பிள்ளைகளுக்கு இரண்டு முறை போட்டுக் காட்டுங்கள். தடுத்த பந்தைக் கீப்பர் கையில் வைத்துக்கொண்டு நிற்பதே இல்லை. தடுத்த மறுகணம் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஓடுபவளின் கைக்குப் பந்து போய்விடுகிறது. நார்வேயின் வேகம் என்று நாம் சொல்வது பின்னால் நிற்கும் அந்த ஒருத்தியின் கையில்தான் தொடங்குகிறது.

நம் பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஓட முடியாத பிள்ளையை, அல்லது கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளையை, "நீ கோலில் நில்லு" என்று நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள வாசலில், வாசலைச் சுற்றி வளைந்து போகும் ஆறு மீட்டர் கோட்டுக்கு அப்பாலிருந்து குதித்து வரும் பந்தை எதிர்கொள்ள வேண்டிய பிள்ளை அவள். முதல் வாரத்திலேயே முகத்தில் ஒரு பந்து பட்டால், அதன் பிறகு எறிபவளின் கை உயரும்போதே அவள் கண் மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவதற்கு மாதக்கணக்காகிறது. ஆகவே நார்வே வழியைத் தேர்ந்தெடுப்பவர் முதல் மாதம் முழுவதும் கீப்பருக்கு டென்னிஸ் பந்தால் மட்டுமே, அருகிலிருந்து மெதுவாக, முழங்கால் உயரத்துக்குக் கீழேதான் எறிய வேண்டும். கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவர் கோல் கம்பத்தின் அருகில் நிற்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது முழங்கால். வேகமாக ஓடி, நின்று, திரும்பிக் குதிக்கும் இந்த ஆட்டத்தில் ஏ.சி.எல். எனப்படும் தசைநார் அறுபடுவது பெண்களிடம் அதிகம் நேர்கிறது. நார்வேயின் நோரா மோர்க் உலகத்தரமான இடதுகை வீராங்கனை. அவர் முழங்காலில் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தவர். அவருக்குப் பின்னால் மருத்துவர்களும் உடலியக்க நிபுணர்களும் இருந்தார்கள். உசிலம்பட்டியிலிருந்தோ வாடிப்பட்டியிலிருந்தோ டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளைக்கு முழங்கால் போனால், விளையாட்டு அத்தோடு நின்றுவிடுகிறது. அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்கள். பெண்கள் ஹேண்ட்பாலில் இந்தக் காயத்தைக் குறைக்கும் சமநிலைப் பயிற்சிகளை முறையாக ஆராய்ந்ததும் நார்வேதான் என்பதால், அவர்களின் ஆட்டத்தை எடுத்துக்கொள்பவர் அந்தப் பயிற்சியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக் காலில் நின்று பந்து பிடிப்பது, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வது போன்றவற்றுக்குத் தினமும் பதினைந்து நிமிடம் போதும்.

பந்தில் தடவும் பசையையும் கவனியுங்கள். ஐரோப்பிய அணிகள் விரலில் பசை தடவிக்கொண்டு ஒற்றைக் கையால் பந்தைப் பறித்துச் சுழற்றி எறிகின்றன. செம்மண் தரையில் பசை தடவிய பந்து இரண்டு முறை தரையில் பட்டாலே மண் உருண்டையாகிவிடும். அந்த எறிகளைப் பார்த்துப் பயிலச் சொன்னால் பிள்ளைகள் தங்கள் கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார்கள். அது பசையின் வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரான்ஸ்

2003, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம், ரியோவிலும் பாரிஸிலும் வெள்ளி. இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1998 முதல் 2024 வரை ஒலிவியே க்ரும்போல்ஸ் கட்டிக் காத்த அணி இது. தடுப்பில் வென்றால் ஆட்டத்தில் வெல்லலாம் என்ற நம்பிக்கை அதன் ஆள் தேர்விலேயே தெரியும். பெயாத்ரிஸ் எத்விஜ் போன்றவர்கள் முதன்மையாகத் தடுப்புக்காகவே தேர்வு செய்யப்பட்டவர்கள். பந்து தங்கள் பக்கம் வந்ததும் அப்படிப்பட்டவர் வெளியே ஓட, தாக்குதலுக்கு உரியவர் உள்ளே வருவார். 2017 இறுதி ஆட்டத்தில் நார்வேயை அவர்கள் வென்றது 23–21 என்ற குறைந்த கோல் கணக்கில்.

மதுரை வட்டாரத்துக்கு இந்த அணியை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். காரணம் கபடி. உசிலம்பட்டி, திருமங்கலம், அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சிறு வயதிலேயே கபடி ஆடியவர்கள். உடல் மோதலுக்கு அஞ்சாதவர்கள், பக்கத்தில் நிற்பவளோடு கைகோத்து ஒரே சங்கிலியாக நகரத் தெரிந்தவர்கள், ரெய்டு வருபவளின் இடுப்பைப் பார்த்தே அவள் எந்தப் பக்கம் பாய்வாள் என்று கணிப்பவர்கள். ஆறு மீட்டர் கோட்டின் முன் ஆறு பேரும் வரிசையாக நிற்கும் தடுப்புக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது.

ஆனால் அங்கேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. கபடியில் பிடித்தால் புள்ளி. ஹேண்ட்பாலில் பிடித்தால் தண்டனை. எங்கள் அணிக்கு வந்த ஒரு பிள்ளை முதல் போட்டியில், பந்தோடு உள்ளே நுழைந்தவளின் தொடையை இரு கைகளாலும் கட்டிப் பிடித்து அப்படியே தரையில் அமர்த்திவிட்டாள். பிடித்தது சரிதான் என்ற நிறைவோடு எங்களை நிமிர்ந்து பார்த்தவளுக்கு, நடுவர் ஏன் சிவப்பு அட்டையைக் காட்டினார் என்று விளங்கவேயில்லை. பிழை அவளுடையதல்ல, சொல்லிக் கொடுக்காத எங்களுடையது. அதன் பிறகு ஒரு மாதம், தடுப்புப் பயிற்சியின்போது கபடிப் பிள்ளைகள் எல்லோரும் இரு கைகளிலும் ஒவ்வொரு டென்னிஸ் பந்தை இறுகப் பிடித்துக்கொண்டே ஆட வேண்டும் என்று வைத்தோம். விரல்கள் பந்தைப் பிடித்திருப்பதால் ஆளைப் பிடிக்க முடியாது. மார்பையும் முன்கையையும் கொண்டுதான் வழியை அடைக்க முடியும். மூன்றாவது வாரத்தில் அவர்களின் கால்கள் தானாகவே முன்னால் நகரத் தொடங்கின.

பிரான்ஸ் முறையின் மறைமுகச் செலவு இரண்டு நிமிட வெளியேற்றம், அதாவது தவறு செய்தவளை நடுவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைப்பது. ஒருத்தி வெளியே போனால் ஐந்து பேர் ஆறு பேரைத் தடுக்க வேண்டும். அதே பிள்ளை மூன்றாம் முறை வெளியேற்றப்பட்டால் அவளுக்கு ஆட்டமே முடிந்தது. தடுப்புக்கு ஒருத்தி, தாக்குதலுக்கு ஒருத்தி என மாற்றுவதிலும் சிக்கல் உண்டு. நடுக்கோட்டிலிருந்து 4.5 மீட்டருக்குள், உள்ளே இருப்பவள் முழுவதுமாக வெளியேறிய பிறகே அடுத்தவள் உள்ளே வர வேண்டும். ஓரடி முந்தினாலும் அதற்கும் இரண்டு நிமிடம்தான். பள்ளி அணியில் அவசரத்தில் இந்தத் தவறு நடந்துகொண்டே இருக்கும். ஆகவே பள்ளிக்குப் பிரான்ஸின் தடுப்பை மட்டும் எடுங்கள், ஆள் மாற்றத்தை எடுக்காதீர்கள். பெரிய வகுப்பு மாணவியர் பதினான்கு பேர் நிலையாக இருக்கும் இடத்தில் இரண்டையும் எடுக்கலாம்.

தென் கொரியா

1988-லும் 1992-லும் ஒலிம்பிக் தங்கம், 1995-இல் உலகப் பட்டம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து உலகப் பட்டம் வென்ற முதல் பெண்கள் அணி. ஐரோப்பிய வீராங்கனைகளோடு ஒப்பிட்டால் உயரத்திலும் எடையிலும் குறைந்தவர்கள். அந்தக் குறையைக் காலால் ஈடுகட்டியது கொரியா: கோட்டிலேயே நிற்காமல் முன்னேறிச் சென்று, பந்து வரும் வழியையே குலைக்கும் தடுப்பு, தாக்குதலில் ஓயாத இட மாற்றம், இடைவெளி திறக்கும் நொடியில் உள்ளே நுழைதல்.

2004 ஏதென்ஸ் இறுதி ஆட்டத்தை நான் பிள்ளைகளுக்குச் சொல்லாத ஆண்டில்லை. டென்மார்க்குக்கு எதிராக 60 நிமிடம் முடிந்தும் சமன். இரண்டு கூடுதல் ஆட்டம், ஆக மொத்தம் 80 நிமிடம் முடிந்தும் 34–34 எனச் சமன். கால்பந்தின் பெனால்டி போன்ற ஏழு மீட்டர் எறிகளில் கொரியா தோற்றது. அந்த அணியில் ஆடிய ஓ சியோங்-ஓக் 1992 முதல் 2008 வரை ஐந்து ஒலிம்பிக்கில் ஆடியவர். வெள்ளியோடு திரும்பிய அந்த அணியை எங்கள் பிள்ளைகள் தங்கம் வென்றவர்களைவிட அதிகம் விரும்புகிறார்கள்.

பதினோரு பிள்ளைகள், சராசரிக்கும் குறைந்த உயரம், இன்னும் தயாராகாத கீப்பர் என்ற நிலையில் உள்ள ஆசிரியருக்கு என் பரிந்துரை கொரியாதான். இந்த முறையில் எதிரணி பந்தை எறிவதற்கு முன்பே அதன் வழி கெடுக்கப்படுவதால், கீப்பர் மீது விழும் சுமை குறைகிறது. விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. கூம்பு இல்லாவிட்டால் செங்கல் வைத்துக்கூடக் கால் பயிற்சி நடத்தலாம். 12 முதல் 16 வயது வரையிலான ஆட்டம் 25 நிமிடப் பாதிகளாகத்தான் நடக்கிறது என்பதால், முழு 60 நிமிடத்துக்கான வலுவும் உடனே தேவைப்படாது.

செலவு என்ன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்னேறித் தடுக்கும் அணி, எதிரணியைவிட அதிகம் ஓடுகிறது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை பதினொரு மணி ஆட்டம் என்று அட்டவணை வந்துவிட்டால், இரண்டாம் பாதியின் பத்தாவது நிமிடத்தில் உங்கள் பிள்ளைகளின் கால்கள் கனக்கத் தொடங்கும். பின்னால் பெரிய இடைவெளி திறக்கும். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளிடம் இந்த ஓட்டத்தைக் கேட்பது தவறு. இரண்டு வாழைப்பழமும் உப்புப் போட்ட நீர்மோரும் ஏற்பாடு செய்ய முடியாதென்றால் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். உலக அரங்கிலும் இதன் எல்லை தெரிகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தில் ஜெர்மனியை 23–22 என வீழ்த்திய கொரியா, அடுத்த நான்கு ஆட்டங்களிலும் தோற்றுக் காலிறுதிக்குப் போகாமல் வெளியேறியது. அதே ஆண்டு டிசம்பரில் புதுடெல்லியில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் ஜப்பானிடமும் தோற்றது.

பிரேசில்

2013-இல் செர்பியாவை அதன் சொந்த மண்ணில் 22–20 என வென்று பிரேசில் உலகப் பட்டம் பெற்றது. அந்தத் தொடரில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. அதற்கு முன்னால் நடந்ததுதான் நமக்குப் பாடம். டென்மார்க்கைச் சேர்ந்த பயிற்சியாளர் மோர்டன் சொவ்பாக்கின் காலத்தில், தேசிய அணி வீராங்கனைகள் பலர் ஆஸ்திரியாவின் ஹைப்போ கிளப்பில் ஒன்றாகச் சேர்ந்து ஆடினார்கள். தேசிய முகாமில் சில வாரம் மட்டும் சந்திப்பவர்களாக இல்லாமல், ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் பயிற்சி பெற்றவர்களானார்கள்.

விடுதியுள்ள கல்லூரிகளுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு, ஒரே விடுதி, காலையும் மாலையும் ஒரே மைதானம் என்று அமைந்துவிட்டால், பார்க்காமலேயே பந்து கொடுக்கும் பழக்கம் வந்துவிடும். ஆனால் ஒரே தொகுதியை நம்பி நிற்கும் அணிக்கு, அந்தத் தொகுதி கலையும்போது கீழே பிடிமானம் இல்லாமல் போகிறது. மூன்றாம் ஆண்டு மாணவியர் எட்டுப் பேர் ஒரே நாளில் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு கல்லூரி அணி ஒன்று இரண்டு ஆண்டு எழவே முடியாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆண்டுக்கு நான்கு பேருக்கு மேல் ஒரே வகுப்பிலிருந்து எடுக்காதீர்கள். பகல்நேரப் பள்ளிகளுக்கு இந்த முறை பொருந்தாது.

எந்த நிலையில் எது

கபடிப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் பிரான்ஸ். விடுதி இருந்தால் பிரேசில். ஆறாம் ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் கிடைத்து, நீங்களும் மாறுதல் கேட்காமல் அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், கீப்பரிலிருந்து தொடங்கும் நார்வே. இவை எதுவுமில்லாமல் ஆர்வம் மட்டுமே இருந்தால் கொரியா. இரண்டை ஒரே ஆண்டில் கலக்க வேண்டாம். முன்னேறித் தடுப்பதா, கோட்டில் நின்று தடுப்பதா என்று ஒருத்திக்கு ஐயம் வந்தாலே அவள் வழியாகக் கோல் விழும்.

எந்த வழியானாலும் முதல் நாளே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. வகுப்பில் இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளைகள் யார் என்று கேளுங்கள். வலப்பக்க விங்கிலும் வலப்பக்க பேக்கிலும் (பின்வரிசையிலும்) இடதுகைக்காரிக்குக் கோல் வாசல் அகலமாகத் திறக்கிறது. அதனால்தான் எல்லாத் தேசிய அணியும் அவர்களைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறது. நம் வீடுகளில் பீச்சாங்கை என்று திட்டி வலது கைக்கு மாற்றிவிடுவதால், கேட்டவுடன் யாரும் கை தூக்க மாட்டார்கள். ஒரு சிறு கல்லைக் கொடுத்துப் புளியமரத்தில் எறியச் சொல்லுங்கள்; எழுதும் கையை மாற்றியிருந்தாலும் எறியும் கையைப் பெரும்பாலும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

மேலூர் ஆசிரியையிடம் இருந்தது பதினோரு பேர். கபடி ஆடியவர்கள் இருவர் மட்டுமே. கொரியா என்று முடிவாயிற்று. ஜூன் முதல் வாரத்தில் கல்லெறிந்து பார்த்ததில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடது கையால் எறிந்ததாக நேற்று மாலை தொலைபேசியில் சொன்னார்.